டைனம்: ஆளில்லாத ஊரும் பண்ணை வீடும் – யாருடைய நினைவு மிஞ்சியிருக்கிறது?

பூல்வாசி:
'இங்கிலாந்தின் பேய் கிராமம்' என்று தமிழில் வரும் காணொளிகளைப் பார்த்துப் பார்த்து மனசு ஆறாமல்தான் இந்த இழையைத் தொடங்குகிறேன். தென் இங்கிலாந்தின் டார்செட் மாவட்டத்தில், கடலை ஒட்டிய ஒரு பள்ளத்தாக்கில் இருக்கிறது டைனம். அங்கே பேயும் கிடையாது, சாபமும் கிடையாது. 1943-இல் ராணுவம் எடுத்துக்கொண்டு இன்றுவரை திருப்பித் தராத ஊர் அது. வாழ்ந்த மனிதர்களைப் பேயாக்கிக் காட்டுவதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

தெரியாதவர்களுக்காக விவரம். பக்கத்திலுள்ள போவிங்டன் முதல் உலகப்போர்க் காலத்திலிருந்தே டாங்கிப் படையின் இடம். லல்வொர்த்தில் 1917-இலேயே பீரங்கிப் பயிற்சித் திடல் அமைத்துவிட்டார்கள். 1943 கடைசியில் பிரான்சில் தரையிறங்க ஏற்பாடுகள் நடந்தபோது அந்த இடம் போதவில்லை. நவம்பர் 16 தேதியிட்ட கடிதம் வீடு வீடாக வந்தது. டிசம்பர் 19-க்குள் காலி செய்ய வேண்டும், அதாவது கிறிஸ்துமஸுக்கு ஒரு வாரம்கூட இல்லாதபோது. சுமார் 7,500 ஏக்கர், 225 பேர். டைனம் மட்டுமல்ல, வொர்பாரோ கடற்கரையில் இருந்த மீனவர் வீடுகள், சுற்றியிருந்த பண்ணைகள் எல்லாம் சேர்ந்த கணக்கு இது.

போகும்போது தேவாலயக் கதவில் ஒரு தாளைக் குத்திவிட்டுப் போனார்கள். தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த வீடுகளைப் போரில் வெல்வதற்காக விட்டுப் போகிறோம், பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள், ஒருநாள் திரும்பி வருவோம் என்று எழுதியிருந்தது. இன்று டைனத்தைப் பற்றி யார் பேசினாலும் அந்தத் தாளில்தான் தொடங்குகிறார்கள். அதை எழுதியவர் ஈவ்லின் பாண்ட், பண்ணை வீட்டு அம்மா, அதாவது ஊரின் நிலக்கிழார் குடும்பத்தவர். ஊரைப் பற்றி 1956-இல் நினைவு நூல் எழுதிய லிலியன் பாண்டும் அந்த வீட்டுப் பெண்தான். 1683-இல் ஊரின் நிலமும் வீடுகளும் அடங்கிய எஸ்டேட்டை வாங்கிய குடும்பம் அவர்களுடையது.

அவர்கள் எழுதியதில் பொய் இருப்பதாக நான் சொல்லவில்லை. ஆனால் 225 பேரில் பெரும்பாலானவர்கள் அந்த எஸ்டேட்டின் வீடுகளில் வாடகைக்கு இருந்தவர்கள். ஆடு மேய்த்தவர், துணி வெளுத்தவர், வலை இழுத்தவர். அவர்கள் நினைவு எங்கே போயிற்று? அதைத்தான் இங்கே சேர்த்துப் பார்க்க ஆசை.

வல்லை:
பூல்வாசி அண்ணை, நல்ல இழை. நானும் சவுதாம்ப்டனில இருந்து அப்பாவையும் கூட்டிக்கொண்டு அங்க போனனான். எல்லாரும் கோயிலுக்குள்ள போக, நாங்கள் பள்ளிக்கூடத்துக்குள்ள கனநேரம் நிண்டிட்டம். 1920கள்ல இருந்த மாதிரியே திருத்தி வைச்சிருக்கினம். கோட்டுக் கொழுவுற கட்டையில ஒவ்வொரு பிள்ளையின்ர பேரும் எழுதிக் கிடக்கு. மேசையில கொப்பியள். பூவையும் பூச்சியையும் பார்த்துப் பிள்ளையள் எழுதினது, கீறினது. அப்பா ஊரில வாத்தியாரா இருந்தவர். ஒவ்வொரு கொப்பியா நிண்டு வாசிச்சார், கையெழுத்து எவ்வளவு வடிவு எண்டு சொல்லிக்கொண்டே வந்தார்.

நீங்கள் கேட்ட மற்ற ஆக்களின்ர நினைவு எனக்கு அங்கதான் தெரிஞ்சது. பண்ணை வீட்டுப் பிள்ளையள் அந்தக் கட்டையில கோட்டுக் கொழுவியிருக்க மாட்டினம். அதெல்லாம் வேலையாக்களின்ர பிள்ளையளின்ர பேர்.

ஒண்டு சொல்லவேணும். அந்தப் பள்ளிக்கூடம் ஆமி வந்ததால மூடினது இல்லை. பிள்ளையள் குறைஞ்சு போச்சினம் எண்டு 1932 இலயே மூடியாச்சு. மிச்சப் பிள்ளையள் பக்கத்து ஊர் கோர்ஃப் காஸிலுக்குத்தான் படிக்கப் போனவை. ஆமி வர முதலே ஊர் தேயத் தொடங்கீட்டுது.

கல்வெட்டுப்பித்தன்:
வல்லை சொல்வது முக்கியமான செய்தி. டைனத்தைச் சொர்க்கமாகவே வரைந்து பழகிவிட்டார்கள். குடிசைகளில் மின்சாரம் கிடையாது. தண்ணீருக்குத் தேவாலயத்துப் பக்கம் இருந்த குழாய்க்கு வர வேண்டும். வொர்பாரோவில் இருந்த கடலோரக் காவல் நிலையத்தை முன்னாடியே எடுத்துவிட்டதால் அந்தக் குடும்பங்கள் போய்விட்டன. பண்ணை வேலைக்கும் முன்புபோல ஆள் வேண்டியிருக்கவில்லை. மில்லர் குடும்பம் போன்ற மீனவர்கள் மட்டும் கானாங்கெளுத்திப் பருவத்தை நம்பிக் கடற்கரையில் இருந்தார்கள்.

ஊர் தேய்ந்துகொண்டிருந்தது என்பதற்காக அதை எடுத்துக்கொண்டது சரியாகிவிடாது. இழப்பீட்டைப் பாருங்கள். 1943-இல் எடுத்தது போர்க்கால அதிகாரத்தில். போர் முடிந்தால் வீடு திரும்பலாம் என்று எல்லோரும் நம்பினார்கள். 1948-இல் அரசு கட்டாயக் கொள்முதல் செய்து நிரந்தரமாகவே வைத்துக்கொண்டது. நிலம் பாண்ட் குடும்பத்தின் பெயரில் இருந்ததால் நிலத்துக்கான பணம் அவர்களுக்குப் போயிற்று. குடியிருந்தவர்களுக்குத் தோட்டத்தில் நின்ற காய்கறிக்குத்தான் விலை போட்டுக் கொடுத்தார்கள். மூன்று தலைமுறை ஒரே வீட்டில் இருந்திருந்தாலும் சட்டத்தின் கண்ணில் அவர்களுக்குச் சொந்தமாக இருந்தது அந்த முட்டைக்கோஸ்தான்.

பூல்வாசியின் கேள்விக்கு என் பதில் இதுதான். பத்திரம் யார் பெயரில் இருந்ததோ அவர்கள் நினைவுதான் ஊரின் நினைவாக நின்றுவிட்டது.

தெற்குவாசல்:
நான் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். அந்தக் கடற்கரையை இன்று பார்க்கிறவர்கள் ராணுவத்துக்கு நன்றி சொல்ல வேண்டியிருக்கிறது. தெற்குக் கரையில் மற்ற இடங்களைப் பாருங்கள். கேரவன் பூங்கா, விடுமுறை வீடு, வாகன நிறுத்தம். டைனம் பள்ளத்தாக்கில் 1943-க்குப் பிறகு யாரும் உழவில்லை, பூச்சிமருந்தோ ரசாயன உரமோ படவில்லை. அதனால்தான் மற்ற இடங்களில் அருகிப்போன ஆர்க்கிட் பூக்கள் அங்கே பூக்கின்றன. பிரிட்டனில் முதன்முதலாக 1832-இல் லல்வொர்த்தில் கண்டறிந்த 'லல்வொர்த் ஸ்கிப்பர்' என்ற சின்னப் பழுப்பு வண்ணத்துப்பூச்சி இன்னும் அந்தச் சரிவுகளில் பறக்கிறது. ஊரைத் திருப்பிக் கொடுத்திருந்தால் குடிசைகளெல்லாம் லண்டன்காரர்களின் வாரயிறுதி வீடாகியிருக்கும். பழைய குடும்பங்களில் ஒன்றுகூட அந்த விலைக்கு வாங்கியிருக்க முடியாது.

வல்லை:
வண்ணத்துப்பூச்சி இருக்கிறது நல்லதுதான், நானும் சந்தோசப்படுறன். ஆனா அது ஆமி நினைச்சுச் செய்த காரியம் இல்லையே. அவை செய்தது சுட்டுப் பழகினது. குண்டு பட்டும் மழைக்கு நனைஞ்சும் வீட்டுக் கூரையள் விழுந்தது. பாதிரியாரின்ர வீடு அறுபதுகளில எரிஞ்சு போச்சு. தபாற்கந்தோருக்கு முன்னால நிண்ட 1929 ஆம் ஆண்டு ரெலிபோன் பெட்டியைக்கூட பிறகு ஒரு படப்பிடிப்பில தவறுதலா நொருக்கிப் போட்டினம். இப்ப நிக்கிறது அதுக்குப் பதிலா வைச்சது.

விலைக்கு வாங்கியிருக்க ஏலாது எண்டிறியள். அவை வாங்கக் கேக்கேல்லை. திரும்பிப் போய் வாடகைக்கு இருக்கத்தான் கேட்டவை.

மலர்விழி:
வணக்கம். இதுவரை வாசிக்க மட்டுமே வந்துகொண்டிருந்தேன். இந்த இழையில் எழுதாமல் இருக்க முடியவில்லை.

நான் டார்செட்டில் முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கிறேன். அங்கே ஒரு பாட்டி இருக்கிறார்கள். அவர்களைக் கேட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன், பெயர் வேண்டாம் என்றார்கள். அவர்களுடைய அம்மா டைனத்தில் பிறந்து வளர்ந்தவர். பதினான்கு வயதில் பண்ணை வீட்டில் வேலைக்குச் சேர்ந்து, கல்யாணமாகி வேர்ஹாமுக்கு வந்துவிட்டார். பாட்டியின் தாத்தாவும் ஆச்சியும் அங்கேயே இருந்தார்கள். தாத்தா எஸ்டேட்டில் கூலி வேலை. ஆச்சி துணி வெளுக்கும் வேலை. பாட்டி சிறு பிள்ளையாக இருந்தபோது கோடை விடுமுறைக்கு அங்கே போவார்களாம்.

பாட்டிக்கு நினைவிருப்பவை நான் எதிர்பார்த்ததுபோல் இல்லை. கடலைப் பற்றிப் பேசவே மாட்டார்கள். ஆச்சியின் கையைப் பற்றித்தான் பேசுவார்கள். சோடா உப்பில் தோல் வெடித்து, விரல் முட்டியெல்லாம் சிவந்து, ராத்திரி அதில் பன்றிக் கொழுப்பைத் தடவிக்கொண்டு அடுப்புப் பக்கம் உட்கார்ந்திருப்பாராம். பெரிய வீட்டுப் படுக்கை விரிப்புகளை ஈரத்தோடு இரண்டு பேர் ஆளுக்கொரு பக்கம் பிடித்து முறுக்குவார்களாம். பிள்ளையாக இருந்த பாட்டியும் ஒரு முனையைப் பிடித்திருக்கிறார்கள். தண்ணீரின் கனத்தில் கை இழுத்துக்கொண்டு போகும் என்று இரண்டு கையையும் முறுக்கிக் காட்டினார்கள். இப்போது அந்தக் கையால் தேநீர்க் கோப்பையைப் பிடிப்பதே சிரமம்.

காலி செய்யச் சொல்லிக் கடிதம் வந்தபோது ஆச்சிக்கு முதல் கவலை கோழிகளாம். இருட்டுவதற்குள் எல்லாவற்றையும் சாக்கில் போட்டு யார் யாருக்கோ கொடுத்திருக்கிறார்கள். தாத்தா பல வருஷம் கழித்துத்தான் அதைப் பற்றி வாயே திறந்தாராம்.

இன்னொன்றும் சொன்னார்கள், அதையும் எழுதத்தான் வேண்டும். கொஞ்ச வருஷம் அங்கும் இங்கும் ஒண்டியிருந்த பிறகு ஆச்சிக்குக் கவுன்சில் வீடு கிடைத்தது. முதல்தடவையாக வீட்டுக்குள்ளேயே குழாய். குழாயைத் திறந்து திறந்து மூடிப் பார்த்தாராம். அந்த வீட்டை ஆச்சிக்குப் பிடித்திருந்தது. ஆனால் டைனம் என்ற பேரை யாராவது எடுத்தால் எழுந்து பின்கட்டுக்குப் போய்விடுவாராம்.

பூல்வாசி:
மலர்விழி அக்கா, இந்த இழையைத் தொடங்கியதற்கு இது ஒன்றே போதும். முடிந்தால் பாட்டி சொல்வதைக் கைப்பேசியில் அவர்கள் குரலிலேயே பதிவு செய்து வையுங்கள். அவர்கள் பிள்ளைகளிடம் கேட்டுக்கொண்டு செய்யுங்கள்.

கல்வெட்டுப்பித்தன் ஐயா சொன்னதோடு ஒன்று சேர்க்க வேண்டும். பண்ணை வீட்டாரும் இழந்தார்கள். அவர்களுடைய டைனம் ஹவுஸ் முதலாம் எலிசபெத் ராணி காலத்துக் கல் வீடு. போரில் அந்த வீட்டையே முதலில் விமானப்படைக்கு எடுத்துக்கொண்டதால் வீட்டுக்காரர் ரால்ஃப் பாண்ட் தோட்டக்காரர் வீட்டுக்குக் குடிபோனார். பிறகு அதுவும் இல்லை. 1952-இல் திரும்பிப் போகாமலே இறந்தார். 1960-களின் கடைசியில் அந்தப் பெரிய வீட்டைப் பெரும்பகுதி இடித்தார்கள். கல்வேலைப்பாடு மிகுந்த பகுதிகள் சில ஆத்தல்ஹாம்ப்டன் மாளிகைக்குப் போயின. நடுக்காலத்துப் பகுதி ஒன்று மட்டும் மரங்களுக்கு நடுவே நிற்கிறது. அந்தப் பக்கம் பொதுமக்களுக்கு அனுமதி இல்லை. குடிசைச் சுவர்களை இன்று யார் வேண்டுமானாலும் தொட்டுப் பார்க்கலாம், பெரிய வீட்டை எட்ட நின்றுகூடச் சரியாகப் பார்க்க முடியாது.

கல்வெட்டுப்பித்தன்:
உண்மை. ஆனால் எஸ்டேட் என்பதன் குணத்தையும் மறந்துவிடக் கூடாது. டார்செட்டிலேயே இருக்கிறது மில்டன் ஆபஸ். சாக்லேட் டப்பாவில் படம் போடுவார்களே, சரிவான தெருவின் இரண்டு பக்கமும் வெள்ளைச் சுவரும் வைக்கோல் கூரையுமாக ஒரே மாதிரி வீடுகள், அந்த ஊர். அது எப்படி வந்தது? 1752-இல் ஜோசப் டேமர் என்பவர் அங்கிருந்த மடத்தையும் நிலத்தையும் வாங்கினார். அவர் மாளிகைக்குப் பக்கத்திலேயே சந்தையும் பள்ளிக்கூடமுமாகப் பழைய ஊர் ஒன்று இருந்தது. தன் கண்ணில் படக் கூடாது என்று அந்த ஊரையே கொஞ்சம் கொஞ்சமாக இடித்துவிட்டு, பள்ளத்தாக்கில் மறைவாகப் புது ஊரைக் கட்டிக் குடியேற்றினார். 1780-இல் முடிந்தது. நிலத்தை அழகுபடுத்தியது புகழ்பெற்ற கேபபிலிட்டி பிரவுன். ஹாரிசன் என்ற வழக்கறிஞர் மட்டும் வீட்டை விட்டுப் போக மறுத்தார். தண்ணீரைத் திறந்துவிட்டு அவர் வீட்டை மூழ்கடித்தார்கள். அவர் வழக்குப் போட்டு ஜெயித்தார். அவர் கையில் குத்தகைப் பத்திரம் இருந்தது. மற்றவர்களுக்கு அது இல்லை.

ராணுவம் 1943-இல் செய்ததை, கேட்க ஆளில்லாத நிலக்கிழார்கள் அதற்கு 150 ஆண்டுக்கு முன்பே செய்திருக்கிறார்கள்.

அதே 1943 டிசம்பரில் வில்ட்ஷரில் இம்பர் என்ற ஊரும் போயிற்று. அங்கே போருக்கு முன்பே ராணுவம் நிலத்தை வாங்கி ஊர்க்காரர்களையே தன் வாடகைக்காரர்களாக ஆக்கி வைத்திருந்ததால் கேள்வி கேட்க வழியே இருக்கவில்லை. ஊர்க் கொல்லர் பட்டறையில் பட்டடை மேல் சாய்ந்து அழுதுகொண்டிருந்ததைப் பார்த்ததாகச் சொல்வார்கள். சில வாரங்களில் இறந்துபோனார், உடலை இம்பருக்கே கொண்டுவந்து அடக்கம் செய்தார்கள். 1961 ஜனவரியில் 2,000 பேர்வரை தடையை மீறி அந்த ஊருக்குள் நடந்து போனார்கள். ஊர் கிடைக்கவில்லை. வருஷத்துக்கு ஒருமுறை செயின்ட் கைல்ஸ் திருநாளை ஒட்டித் தேவாலயத்தில் ஆராதனை நடத்தும் உரிமை நிலைத்தது.

தெற்குவாசல்:
ஐயா, டார்செட் என்றதும் ஒரு கேள்வி. நம்ம சென்னைக் கோட்டையில் கவர்னராக இருந்த தாமஸ் பிட் அந்தப் பக்கத்துக்காரர்தானே?

கல்வெட்டுப்பித்தன்:
ஆமாம். டார்செட்டில் பிளாண்ட்ஃபோர்டுக்குப் பக்கத்து ஊர்ப் பாதிரியார் மகன், 1653-இல் பிறந்தவர். 1698 முதல் 1709 வரை செயின்ட் ஜார்ஜ் கோட்டையில் தலைவர். சென்னையில் ஜாம்சந்த் என்ற வைர வியாபாரியிடம் வாங்கிய பெருங்கல்லை 1717-இல் பிரான்சின் ஆட்சிப் பொறுப்பாளருக்கு விற்றார். அந்தப் பணத்தில் கார்ன்வாலில் பொகானக் எஸ்டேட்டை வாங்கினார். இங்கிலாந்தின் எத்தனை எஸ்டேட்டுகளுக்கு எங்கிருந்து பணம் வந்தது என்று தோண்டினால் தனி இழையே வேண்டும். டைனத்துக்கும் இதற்கும் தொடர்பு கிடையாது. இதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

வல்லை:
டைனத்துக்காக ஒருத்தரும் போராடேல்லை எண்டு நினைக்கக்கூடாது. 1968 இல ரொட்னி லெக் போன்ற ஆக்கள் சேர்ந்து டைனம் செயற்குழு எண்டு தொடங்கினவை. 1973 இல நியூஜென்ட் பிரபு தலைமையில அரசாங்கமே போட்ட குழு, லல்வொர்த் திடலை விடலாம், பயிற்சியை வேல்ஸில இருக்கிற காஸில்மார்ட்டினுக்கு மாத்தலாம் எண்டு சொன்னது. அடுத்த வருசமே அரசாங்கம் ஏலாது எண்டிட்டுது. பிறகு 1975 இல இருந்து சனி ஞாயிறில சனம் போய்ப் பார்க்க விட்டினம். கேட்டது ஊர், கிடைச்சது பாதை.

அந்தக் குழு அறிக்கையை நினைச்சாத்தான் எனக்கு இண்டைக்கும் ஆத்திரம் வரும். அப்ப டைனம்காரர் கனபேர் உயிரோட இருந்தவை. வீடுகளைத் திருத்தியிருக்கலாம். 30 வருசம் பொறுத்திருந்த சனத்துக்கு அது கடைசிச் சந்தர்ப்பம்.

தெற்குவாசல்:
அந்த அறிக்கை பற்றி எனக்குத் தெரிந்திருக்கவில்லை. அந்த நேரத்தில் கொடுத்திருந்தால் ஊருக்கும் பூச்சிக்கும் இரண்டுக்குமே வழி செய்திருக்கலாம் என்று ஒப்புக்கொள்கிறேன். இப்போது கொடுத்தால் யாரிடம் கொடுப்பது என்ற என் கேள்வி மட்டும் அப்படியே இருக்கிறது.

மலர்விழி:
அண்ணன்மார்களுக்கு ஒரு விண்ணப்பம். பாட்டிக்குத் தாத்தா வீடு எது என்று சரியாக நினைவில்லை. வரிசை வீடுகளில் ஒன்றா, தனி வீடா என்று குழம்புகிறார்கள். எதில் தேடலாம்?

கல்வெட்டுப்பித்தன்:
தங்கை, முதலில் 1939 பதிவேடு. போர் தொடங்கியதும் அடையாள அட்டைக்காக 1939 செப்டம்பர் 29 அன்று நாடு முழுக்க வீடு வீடாக எழுதியது. 1931 கணக்கெடுப்பு தீயில் அழிந்துவிட்டது, 1941-இல் கணக்கெடுப்பே நடக்கவில்லை. அதனால் டைனத்தில் ஆள் இருந்தபோது எழுதப்பட்ட கடைசிப் பட்டியல் இதுதான். பெயர், பிறந்த நாள், தொழில் எல்லாம் இருக்கும். நூறு வருஷத்துக்குள் பிறந்தவர்களின் வரிகள் மறைக்கப்பட்டிருக்கலாம். தாத்தா, ஆச்சி வரிகள் தெரியும். வீட்டுப் பெயர் இல்லாவிட்டாலும், எழுதியவர் தெரு வழியே நடந்துதான் எழுதியிருப்பார், முன்னும் பின்னும் உள்ள பெயர்களை வைத்து ஊகிக்கலாம். தபால் அலுவலகம் வைத்திருந்தவர் எந்த வரியில் வருகிறார் என்று பாருங்கள். அது வரிசை வீடுகளில் ஒன்று.

அடுத்தது 1921 கணக்கெடுப்பு. அம்மா பள்ளிச் சிறுமியாக அதில் இருப்பார். வேலை கொடுத்தவர் பெயரையும் அந்த வருஷம் கேட்டு எழுதியிருக்கிறார்கள், தாத்தா எஸ்டேட்டில் வேலை செய்தாரா அல்லது எஸ்டேட் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்த விவசாயியிடமா என்பது தெரிந்துவிடும். திருமணம், ஞானஸ்நானப் பதிவேடுகளுக்கு டோர்செஸ்டரில் உள்ள டார்செட் வரலாற்று மையத்தைக் கேளுங்கள். இன்னும் பின்னால் போக வேண்டுமானால் 1910 நில மதிப்பீட்டுப் புத்தகங்கள் லண்டனில் க்யூ என்ற இடத்திலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் உண்டு. ஒவ்வொரு வீட்டுக்கும் உரிமையாளர் யார், குடியிருந்தவர் யார், எத்தனை அறை, என்ன நிலையில் இருந்தது என்று எழுதியிருப்பார்கள். குடியிருந்தவர் பெயர் தனிப் பத்தியில் வரும். நீங்கள் பார்க்க வேண்டியது அந்தப் பத்தி.

மலர்விழி:
மிக்க நன்றி அண்ணா. நூலகத்தில் 1939 பதிவேட்டை இலவசமாகப் பார்க்கலாம் என்று சொன்னார்கள். திங்கள்கிழமை விடுப்பு, போகிறேன். பாட்டியை ஒருமுறை டைனத்துக்குக் கூட்டிப்போகவும் அவர்கள் மகளிடம் பேசியிருக்கிறேன். சக்கர நாற்காலி போகுமா?

பூல்வாசி:
ஊருக்குள் போகும் அக்கா. வாகன நிறுத்தம் பக்கத்திலேயே இருக்கிறது. குளத்தைத் தாண்டினால் வரிசை வீடுகள், எதிரே தொலைபேசிப் பெட்டி, அப்புறம் தேவாலயம், பள்ளிக்கூடம். அங்கங்கே கல் இருக்கும், ஒருவர் பின்னால் பிடித்துத் தள்ள வேண்டும். வொர்பாரோ கடற்கரைக்கு இன்னும் ஒரு மைல் வரை சரளைப் பாதை, அதற்கு நாற்காலியோடு முயல வேண்டாம். பாட்டிக்குத்தான் கடலைப் பற்றிக் கவலை இல்லையே.

பெரும்பாலான சனி, ஞாயிறுகளில் திறந்திருக்கும், ஆனால் சில வாரங்கள் சுடும் பயிற்சி இருக்கும். கிளம்புவதற்கு முன் லல்வொர்த் திடலின் திறப்பு நாட்களைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வீட்டுச் சுவரிலும் அங்கே வாழ்ந்த குடும்பங்களைப் பற்றிப் பலகை வைத்திருக்கிறார்கள். பதிவேட்டில் கிடைக்கும் பெயரைக் கையில் வைத்துக்கொண்டு போங்கள். துணி வெளுத்தவர்கள் இருந்த லாண்டரி வீடுகளையும் விட்டுவிட வேண்டாம். அந்த வாரம் நானும் வருகிறேன், நாற்காலியை நான் தள்ளுகிறேன்.